தராசில் 118.40, திரையில் 18.40: க்யூஎல்சிடிநம்பரில் முதல் இலக்கம் எங்கே போகிறது?

மாங்காமண்டி:
வணக்கம். கேரளத்து முதலமடையில் மாமாவின் மாங்காய் மண்டிக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தராசு 300 கிலோ வரை தாங்கும், 50 கிராம் 50 கிராமாக ஏறும். எடை சீரியல் கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு வரும். எழுதியது பைத்தானில், திரைக்கு பைசைட் 6 (க்யூட் என்ற ஜன்னல் வரையும் நூலகத்தின் பைத்தான் வடிவம்). லாரிப் பக்கம் நிற்பவருக்கும் தெரியட்டும் என்று பழைய மானிட்டர் ஒன்றில், அதில் வருகிற க்யூஎல்சிடிநம்பர் விட்ஜெட்டை (டிஜிட்டல் கடிகாரம் போல எண் காட்டும் திரைப் பகுதி) பெரிதாக வைத்துக் காட்டுகிறேன்.

ஒரு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியாகத்தான் வைத்தோம், 19.75, 22.50 என்று ஒழுங்காக வந்தது. நேற்று அவசரத்தில் செந்தூரம் ஆறு பெட்டியை ஒன்றாக ஏற்றிவிட்டார்கள். தராசின் முகத்தில் 118.40. திரையில் 18.40. அச்சடித்த சீட்டில் மறுபடி 118.40! வாங்க வந்த சேட்டன் திரையைக் காட்டி, "பதினெட்டல்லே காணிக்குந்நது?" என்று பிடித்துக்கொண்டார். மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இதில் வேடிக்கை, சீட்டுக்கான எண்ணையும் அதே விட்ஜெட்டின் வேல்யூ()விடம்தான் (காட்டும் எண்ணைத் திருப்பித் தரும் கட்டளை) வாங்குகிறேன். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று காட்டுமா? அப்புறம், எண்ணுக்குப் பக்கத்தில் 'கிலோ' என்று போட்டால் அதுவும் வரவில்லை, வெறும் இடம்தான்.

கம்பிவேலை:
சீரியலில் முதல் எழுத்து விழுந்துபோகிற கேஸ் மாதிரி இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு எடைமேடையில் பாட் ரேட் (கேபிளில் தகவல் போகும் வேகம்) சரியாக இல்லாமல் இரண்டு நாள் அலைந்தோம். வரும் வரியை அப்படியே ப்ரிண்ட் செய்து பாருங்கள்.

மாங்காமண்டி:
பார்த்துவிட்டேன், வரி முழுதாக வருகிறது. கேபிளையே கழற்றி வைத்துவிட்டு எண்ணைக் காட்டச் சொல்லும் டிஸ்ப்ளே கட்டளையில் டிஸ்ப்ளே("118.40") என்று கையால் கொடுத்தாலும் 18.40தான்.

பழையசிப்ளஸ்:
அப்போ கேபிளை விடுங்கள். எத்தனை கட்டம் என்று சொல்லும் செட்டிஜிட்கவுண்ட்டை எங்கேயாவது அழைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்த விட்ஜெட்டுக்கு ஐந்தே கட்டம்தான், புள்ளியும் அதில் ஒரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். 22.50 ஐந்தில் கச்சிதமாக உட்காரும். 118.40க்கு ஆறு வேண்டும். ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாகக் கொடுத்தால் வலது ஓரத்திலிருந்து ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு, இடதுபக்கம் மிஞ்சுவதை வெட்டிவிடும். வெட்டு வரைவதற்கு மட்டும்தான். வேல்யூ() முழு ஸ்ட்ரிங்கையும் எண்ணாக மாற்றி வைத்திருக்கும், அதனால்தான் சீட்டு சரியாக வந்தது.

ஒன்று கேட்கிறேன், எண்ணாகவே கொடுக்காமல் ஏன் ஸ்ட்ரிங்?

மாங்காமண்டி:
முதலில் ஃப்ளோட்டாகத்தான் (தசம எண்) கொடுத்தேன் அண்ணா. 22.50 என்பது 22.5 ஆனது, 20.00 வெறும் 20 ஆனது. எண் குட்டையாவதும் நீள்வதுமாக இருந்ததில் மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் இரண்டு தசமத்துக்கு ஃபார்மட் செய்து ஸ்ட்ரிங்காக மாற்றினேன்.

பழையசிப்ளஸ்:
மாற்றியது சரிதான் தம்பி, கட்டத்தை எண்ணாமல் விட்டதுதான் தப்பு. டிஸ்ப்ளே என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் கொடுக்கிற பொருளுக்குத் தக்கபடி அதன் குணம் மாறும். ஃப்ளோட் கொடுத்தால் கடைசிச் சுழியங்களை விட்டுவிடும். இடம் போதாவிட்டால் தசமத்தைச் சுருக்கும். 118.45 கொடுத்திருந்தால் கடைசி இலக்கம் போயிருக்கும், நூறு கிலோ போயிருக்காது. முழு எண் கொடுத்து அது அடங்காவிட்டால் ஓவர்ஃப்ளோ சிக்னல் (இடம் போதவில்லை என்று ப்ரோகிராமுக்குப் போகும் அறிவிப்பு) வரும், ஆனால் திரையில் பழைய எண்ணே நிற்கும். ஸ்ட்ரிங்குக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. மண்டிக்கு இதுதான் பெரிய ஆபத்து, 18.40 பார்ப்பதற்கு ஒற்றைப் பெட்டி எடை மாதிரியே இருக்கிறது, யாருக்குச் சந்தேகம் வரும்?

செட்டிஜிட்கவுண்ட்(7) போடுங்கள். 300.00க்கு ஆறு கட்டம் போதும். ஆனால் காலிப் பெட்டியின் எடையை டேர் போட்டு (தராசைச் சுழியமாக்கி) கழித்த பிறகு பெட்டியைத் தூக்கினால் கழித்தல் குறியும் வரும், அதற்கும் சேர்த்து ஏழு. செட்ஸ்மால்டெசிமல்பாயிண்ட்டை ட்ரூ ஆக்கினால் புள்ளி தனிக் கட்டம் எடுக்காமல் இரண்டு இலக்கத்துக்கு நடுவே போய் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது என்பது என் எண்ணம், உங்கள் மானிட்டரில் வைத்துப் பாருங்கள். எதுவானாலும், டிஸ்ப்ளேவுக்கு அனுப்பும் முன் ஸ்ட்ரிங்கின் நீளத்தை டிஜிட்கவுண்ட்டோடு ஒப்பிடுங்கள். அடங்காவிட்டால் ஏழு கோடுகளை அனுப்புங்கள். கோடு இந்த விட்ஜெட்டுக்கு வரைய வரும்.

'கிலோ' வராது. கடிகாரத்தில் வருகிற ஏழு கோட்டு எழுத்து இது. ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரை, எச், எல், பி, யு என்று கொஞ்சம் எழுத்துகள் வரும், கே கூட வராது. தெரியாத எழுத்தை வெற்றிடமாக விட்டுவிடும். ஆயிரத்துக்குக் காற்புள்ளி போட்டாலும் அதே கதிதான். பக்கத்தில் ஒரு க்யூலேபிள் (சாதாரண எழுத்து காட்டும் விட்ஜெட்) வைத்து அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சீட்டுக்கான எண்ணை விட்ஜெட்டிடம் கேட்காதீர்கள். தராசிலிருந்து வந்ததும் கிராமாக, முழு எண்ணாக ஒரு மாறியில் வையுங்கள். திரைக்கும் சீட்டுக்கும் அதிலிருந்தே போகட்டும்.

கொழிஞ்சாம்பாறை:
மேலே சொன்னது எல்லாம் சரி. நானாக இருந்தால் எல்லாவற்றுக்கும் க்யூலேபிளையே பெரிய எழுத்தில் வைத்திருப்பேன், எல்லா இலக்கமும் ஒரே அகலம் உள்ள ஃபான்ட் போட்டால் எண் குதிக்காது. அப்புறம் சேட்டனிடம் சண்டை வேண்டாம். எடை அளவைத் துறை முத்திரை போட்டது தராசுக்கு, உங்கள் மானிட்டருக்கு அல்ல. தராசின் முகம் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வையுங்கள்.

மாங்காமண்டி:
ஏழு கட்டம் ஆக்கிவிட்டேன், 118.40 முழுதாக வருகிறது. பழையசிப்ளஸ் அண்ணா, ஸ்மால் பாயிண்ட் நீங்கள் சொன்ன மாதிரியே தூரத்தில் தெரியவில்லை, 118.40 என்பது 11840 போல இருந்தது, எடுத்துவிட்டேன். செக்மென்ட் ஸ்டைலை (இலக்கத்தின் கோடுகளை வரையும் விதம்) ஃப்ளாட் ஆக்கியதில் வெயிலிலும் கொஞ்சம் தேவலை. ஓவர்ஃப்ளோவில் ஒரு ப்ரிண்ட் போட்டுப் பார்த்தேன், ஸ்ட்ரிங்குக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை. நீளம் பார்க்கும் வரியைச் சேர்த்துவிட்டேன், கேபிள் கழன்றாலும் கோடு காட்டச் சொல்லியிருக்கிறேன். காலையில் சுமைக்காரர் கால் பட்டு கேபிள் கழன்று ஏழு கோடு வந்தது, மாமா ஓடிவந்து, "எடை எங்கடா?" என்றார்.