கிண்டி காந்தி மண்டபம்: திருவொற்றியூரிலிருந்து எப்படிப் போகலாம்?

கேள்வி: 75 வயது அப்பாவையும் பசங்களையும் அழைத்துப் போகணும். எந்த ஸ்டேஷனில் இறங்கணும்? உள்ளே எதை விடக்கூடாது?

தண்டையார்பேட்டைக்காரர்: தேரடியிலோ திருவொற்றியூரிலோ ஏறுங்க, விமான நிலையம் போகிற மெட்ரோ ரயில். வழியில் மாற வேண்டாம். பெயரைப் பார்த்துக் கிண்டி வரை போயிடாதீங்க, திரும்பி வரணும். அதற்கு முந்தைய சின்னமலையிலேயே இறங்கி ஆட்டோ பிடிங்க. மண்டபம் சர்தார் படேல் சாலையில் வலது பக்கம். ஆட்டோ இடது ஓரமே இறக்கிவிட்டால் பெரியவரோடு அந்தச் சாலையைக் கடப்பது ஆபத்து. யூ-டர்ன் போட்டு வாசலில் விடச் சொல்லி முதலிலேயே பேசிடுங்க.

ராயபுரம் வாசகர்: வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த கல் செக்கு அங்கேதான் இருக்கு. அவசியம் காட்டுங்க! மாடு இழுக்க வேண்டியதை மனுஷனை இழுக்க வைச்சாங்கன்னு, அந்தக் கல்லின் கனத்தைப் பக்கத்தில் நின்னு பார்த்தால்தான் பசங்களுக்குப் புரியும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போயிருப்பாங்க. 1956-ல் திறந்த காந்தி மண்டபம், ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம் நினைவிடங்கள் எல்லாம் ஒரே வளாகம். நடை அதிகம், அப்பாவுக்குச் செக்கும் காமராஜர் நினைவிடமும் போதும்.

தண்டையார்பேட்டைக்காரர்: அக்டோபர் 2 காலையில் வேண்டாம். காந்தி பிறந்தநாள், காமராஜர் நினைவுநாள் ரெண்டும் அன்றுதான். தலைவர்கள் வருவாங்க, போலீஸ் கெடுபிடி இருக்கும். பக்கத்துச் சிறுவர் பூங்காவும் பார்க்கணும்னா செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்திடுங்க, அன்று விடுமுறை.