பெருவிட்டக் குண்டுகளும் அவற்றுக்கு உகந்த வேகமும்: வேட்டைக்களத்தில் கண்டவை

ஒரே விட்டமுள்ள குண்டுகள் எல்லாம் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை என்ற எண்ணம் பெருவிட்ட ரைஃபிள்களைக் கையாளும் பலரிடம் இன்றும் இருக்கிறது. .458 அங்குலக் குண்டுகளில்தான் இந்த எண்ணம் அதிகத் தீங்கை விளைவிக்கிறது. கரிமருந்துக் காலத்தில், 1873-இல் பிறந்த .45-70 கவர்மென்ட் தோட்டாவும் (குண்டு, வெடிமருந்து, கூடு எல்லாம் சேர்ந்ததே தோட்டா), யானை, எருமை போன்ற பெருவிலங்குகளுக்காக 1956-இல் வெளியான .458 வின்செஸ்டர் மேக்னமும், அதையும் விஞ்சும் .458 லாட்டும் இந்த ஒரே விட்டத்தைத்தான் ஏற்கின்றன. முதலாவது 405 கிரெயின் (கிரெயின் என்பது ஏறத்தாழ 0.065 கிராம் எடை) குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 1,330 அடி வேகத்தில் அனுப்புகிறது. கடைசியாகச் சொன்னதோ 500 கிரெயின் குண்டை 2,300 அடி வேகத்தில் அனுப்புகிறது. ஈய உள்ளீடு கொண்ட, இலக்கில் பட்டதும் முனை விரியும் மென்முனைக் குண்டு எதுவும் இந்த இடைவெளி முழுவதிலும் ஒழுங்காக நடந்துகொண்டதை நான் பார்த்ததில்லை.

உரிமம் பெற்ற ஒரு பன்றி வேட்டையில் உடன் வந்த நண்பர் .458 வின்செஸ்டர் மேக்னத்தை வைத்திருந்தார். பின்னுதைப்பு குறைய வேண்டும் என்பதற்காக முனையில் குழியுள்ள 300 கிரெயின் துளைமுனைக் குண்டுகளைப் பொருத்திய தோட்டாக்களைக் கொண்டுவந்திருந்தார். அவற்றின் குழல்முனை வேகம் 2,500 அடியைத் தொட்டது. அந்தக் குண்டோ .45-70-க்காக, அதாவது 1,800 அடியை ஒட்டிய வேகத்திற்காக வடிவமைக்கப்பட்டது. புதரிலிருந்து வெளிப்பட்ட பெரிய ஆண் பன்றி எங்களுக்குச் சற்றே கோணலாக நின்றபோது, மிக அருகிலிருந்து அவர் தோளில் சுட்டார். பன்றி முழங்காலிட்டு மீண்டும் எழுந்தது. இரண்டாவதாக அவர் சுட்டது 500 கிரெயின் தடித்த உறைக் குண்டு; அது மார்புக்கூட்டைக் குறுக்காகக் கடந்து விலங்கை அந்த இடத்திலேயே வீழ்த்தியது. அறுத்துப் பார்த்தபோது முதல் குண்டின் காயம் கைத்தலம் அளவுக்கு அகன்றிருந்தது, ஆனால் ஆழமே இல்லை. தோளின் இறுகித் தடித்த தோலையும் தசையையும் தாண்டுவதற்குள் உறை வேறாகவும் ஈயம் வேறாகவும் சிதறியிருந்தன. நுரையீரலை எட்டியவை சில துணுக்குகள் மட்டுமே.

இதற்குக் காரணம் தெளிவானது. குண்டின் முனையில் ஏறும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது. 1,800 அடியிலிருந்து 2,500 அடிக்குப் போகும்போது வேகம் ஐந்தில் இரண்டு பங்குதான் கூடுகிறது, ஆனால் அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிறது. குறைந்த வேகத்தில் விரிய வேண்டும் என்பதற்காக மென்மையான ஈயத்தையும் மெல்லிய செப்பு உறையையும் கொண்டு செய்த குண்டு அந்த அழுத்தத்தைத் தாங்காது. போதாததற்கு, .458 விட்டத்தில் 300 கிரெயின் என்பது கட்டைக் குண்டு. அதன் குறுக்குவெட்டு அடர்த்தி, அதாவது விட்டத்தோடு ஒப்பிட எடை எவ்வளவு என்பதைக் காட்டும் எண், 0.204 மட்டுமே. 500 கிரெயின் குண்டுக்கு அது 0.341. சிதறாமல் இருந்திருந்தால்கூட அது அவ்வளவு ஆழம் போயிருக்காது என்பது என் கணிப்பு.

எதிர்த்திசையில் நிகழும் கோளாறு இவ்வளவு பேசப்படுவதில்லை. கொடுமையில் அது குறைந்ததும் அன்று. மேக்னம் வேகத்திற்கென்று தடித்த உறையிட்ட 500 கிரெயின் மென்முனைக் குண்டை .45-70-இல் 1,500 அடிக்கும் குறைந்த வேகத்தில் மான் மீது பயன்படுத்தியதை ஒருமுறை கண்டேன். குண்டு விலா எலும்புகளுக்கிடையே நுழைந்து மறுபுறம் வெளியேறியது; நுழைந்த துளைக்கும் வெளியேறிய துளைக்கும் அளவில் வேறுபாடே தெரியவில்லை. மான் ஓடிவிட்டது. இரத்தத் தடம் மிக மெலிதாக இருந்ததால், இருட்டுவதற்குச் சற்று முன்புதான் அதைக் கண்டெடுக்க முடிந்தது. சுட்ட இடத்தில் பிழையில்லை, ரைஃபிளிலும் பிழையில்லை. விரியத் தொடங்குவதற்குத் தேவையான வேகம் அந்தக் குண்டுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே. விலங்கு தேவையின்றித் துன்புற்றதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. குண்டுக்கும் வேகத்துக்கும் உள்ள பொருத்தத்தை இத்தனை வலியுறுத்துவது அதனால்தான்.

இந்தச் சிக்கல் பெருவிட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பின்னாளில் குண்டுத் தயாரிப்பாளரான ஜான் நோஸ்லர் 1946-இல் கனடாவில் .300 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) மேக்னத்தால் மூஸ் எனப்படும் பெருமானைச் சுட்டபோது, சேறு அப்பியிருந்த அதன் தோளில் குண்டுகள் போதிய ஆழம் செல்லாமல் உடைந்தன. முன்பகுதி விரியவும், நடுவிலுள்ள செப்புத் தடுப்புக்குப் பின்னாலிருக்கும் ஈயம் குலையாமல் ஊடுருவவும் வழிசெய்யும் பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கியதற்கு அந்த அனுபவமே தூண்டுதல். உள்ளீட்டை உறையோடு பிணைத்த குண்டுகளும், முழுக்கச் செம்பாலான குண்டுகளும் பின்னர் பரவலாயின. இவற்றால் குண்டு சிதறாமல் தாங்கும் வேகத்தின் மேல்வரம்பு வெகுவாக உயர்ந்தது உண்மை. ஆனால் விரிவதற்குத் தேவையான வேகத்தின் கீழ்வரம்பை மறந்துவிடக் கூடாது. வேகத் தோட்டாக்களுக்கென்று செய்த செம்புக் குண்டுகள் பல, இலக்கைத் தொடும்போது 1,800 அடி வேகமாவது இல்லையென்றால் அரைகுறையாகவே திறக்கின்றன. .45-70-க்கென்றே அகன்ற துளையுடன் செய்யப்படும் செம்புக் குண்டு வேறு, .458 லாட்டுக்கான செம்புக் குண்டு வேறு.

கணக்கில் எடுக்க வேண்டியது இலக்கைத் தொடும் வேகம்தான், குழல்முனை வேகம் அன்று. 405 கிரெயின் குண்டு 1,330 அடியில் புறப்பட்டால் 100 கெஜத்தில் அது 1,170 அடியளவுக்கு இறங்கிவிடும். இதற்கு மாறாக, ஆப்பிரிக்க எருமை வேட்டையில் நான் பயன்படுத்திய .375 ஹெச் அண்ட் ஹெச், 300 கிரெயின் பிணைப்புக் குண்டை ஏறத்தாழ 2,500 அடியில் அனுப்பியது. எருமை நின்ற தொலைவில் அந்த வேகம் பெரிதாகக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. தோள் எலும்பை உடைத்து, நெஞ்சைக் கடந்து, மறுபுறத் தோலுக்கடியில் தங்கியிருந்த குண்டு காளான் போல் சீராக விரிந்திருந்தது. எடையிலும் மிகச் சிறு பங்கையே இழந்திருந்தது. 1912-இல் அறிமுகமான அந்தத் தோட்டா ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் மதிக்கப்படுவதற்கு, அதன் வேகத்துக்கு ஏற்பவே .375 குண்டுகள் பெரும்பாலும் செய்யப்படுவது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். .458 வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஒவ்வொரு பெட்டியிலும் எந்தத் தோட்டாவுக்கான குண்டு என்பதைப் படித்தாக வேண்டும்.

மற்றொருவரின் பகிர்வு

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். விரியவே தேவையில்லாத குண்டுகளைப் பற்றி மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். என் .45-70 நெம்புகோல் ரைஃபிளில் நெடுங்காலமாகக் கலவை சேர்த்துக் கடினமாக வார்த்த, தட்டையான அகன்ற முனையுள்ள ஈயக் குண்டுகளையே பயன்படுத்தி வருகிறேன். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் குழாய்க் கிடங்கில் ஒரு குண்டின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடித்ததும் தீப்பற்றும் பகுதியை) தொட்டபடி நிற்பதால் தட்டைமுனை பாதுகாப்புக்கும் அவசியம். இந்தக் குண்டு விலங்கினுள் ஏறக்குறைய வடிவம் மாறாமல் செல்கிறது. காயத்தின் அகலத்தைத் தருவது அந்தத் தட்டை முகம்தான். ஆகவே 1,300 அடியிலும் அது தன் வேலையைச் செய்கிறது. பெரிய காட்டுப்பன்றிகளில் பக்கவாட்டாகச் சுட்ட குண்டை நான் அநேகமாகத் திரும்ப எடுத்ததே இல்லை. எல்லாம் மறுபுறம் வெளியேறிவிட்டன.

வேகத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று எண்ணிப் பார்த்ததும் உண்டு. ஈரத்தில் ஊறவைத்த செய்தித்தாள் கட்டுகளில் ஒப்பிட்டபோது, அதே வார்ப்பில் சற்று மென்மையான கலவையாலான குண்டுகள் கூடிய வேகத்தில் முனை நசுங்கி, குறைந்த வேகத்தில் சென்ற ஆழத்தைக்கூட எட்டவில்லை. குழலில் ஈயப்பூச்சும் படிந்து, குறி கலைந்தது. கடினக் கலவைக்கு மாறியதும் ஆழம் திரும்பியது. ஆனால் மிகக் கடினமாக்கினால் எலும்பில் பட்டு நொறுங்கும் அபாயம் உண்டு என்பதால், அதை ஓர் எல்லையோடு நிறுத்திக்கொண்டேன்.

செய்தித்தாள் கட்டு விலங்கின் உடலாகிவிடாது, எலும்பும் தோலும் அதில் இல்லை. இரண்டு குண்டுகளை ஒரே வேகத்தில் ஒப்பிடுவதற்கு அது போதும். கட்டை அருகில் வைத்துச் சுடுவதைவிட, உண்மையில் சுடப்போகும் தொலைவில் வைத்துச் சுடுவதே பயன் தரும்.

இறுதியாக வேகமானியைப் பற்றி. தோட்டாப் பெட்டியில் அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. என்னுடைய ரைஃபிளின் குழல் அதைவிடக் குட்டை. வேகமானியை வைத்து அளந்தபோது பெட்டியிலிருந்த எண்ணைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாகவே வந்தது. கடின வார்ப்புக் குண்டுக்கு அந்தக் குறைவு ஒரு பொருட்டன்று. அதே ரைஃபிளில் துளைமுனைக் குண்டைப் பயன்படுத்தும்போது மட்டும், அது திறப்பதற்குத் தேவையான வேகம் எந்தத் தொலைவுவரை கிடைக்கிறது என்பதை அளந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு, அதற்கு அப்பால் நிற்கும் விலங்கைச் சுடாமல் விட்டுவிடுகிறேன்.