இங்கிலாந்தில் பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கப் போகும் வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு

குடியாத்தத்திலிருந்து போன மாதம் வந்து இறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, வீட்டுப் பக்கத்திலேயே நல்ல ஸ்கூல் இருக்கு, சீட் இல்லைங்கிறாங்க. யாரைப் பிடிச்சா நடக்கும்?" நானும் அதே ஊர்தான். வேலூரில் நர்சிங் படித்துவிட்டு இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, இங்கே யாரையும் பிடிக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் யாருக்கு முதலில் இடம் என்று எழுதிவைத்த விதி இருக்கும். அதை அந்த ஸ்கூலின் இணையதளத்தில் பார்க்கலாம். அரசுப் பராமரிப்பில் வளரும் குழந்தைகளுக்கு முதல் இடம். அப்புறம் பெரும்பாலும் அக்கா தம்பி அங்கேயே படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். வெயிட்டிங் லிஸ்டும் அதே வரிசைதான். நீங்கள் மூன்று மாதமாகக் காத்திருந்தாலும், நேற்று பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தவர் உங்களுக்கு மேலே போய்விடுவார். அதில் உள்குத்து எதுவும் கிடையாது. இடம் இல்லை என்று கடிதம் வந்தால் அப்பீல் செய்யும் உரிமையும் அதிலேயே எழுதியிருக்கும். ஸ்கூலுக்குச் சம்பந்தமில்லாத குழு ஒன்று உட்கார்ந்து கேட்கும். ஆனால் ரிசப்ஷன் (இங்கே ஸ்கூலின் முதல் வகுப்பு), இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஒரு டீச்சருக்கு 30 பிள்ளைகள்தான் என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. அங்கே அப்பீல் ஜெயிப்பது கஷ்டம். இயர் 3-இலிருந்து என்றால் தைரியமாகப் போடுங்கள்.

என்னை ஆறாவது சேர்க்க அப்பா விடியற்காலை நாலு மணிக்கு ஒரு ஸ்கூல் வாசலில் நின்றார். வெயில் ஏறி கேட் திறந்து உள்ளே போனால், "யார் சிபாரிசு?" என்பதுதான் முதல் கேள்வி. இத்தனைக்கும் இன்று நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் டொனேஷன் வாங்கக் கூடாது, வாங்கினால் அந்தத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனதைப் புண்படுத்தவும் கூடாது என்கிறது. ஆனால் "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருகிற அப்பாக்கள் நம் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். சட்டம் வந்துவிட்டது, ஊர் வழக்கம் இன்னும் வந்து சேரவில்லை. இங்கேயும் அரசுப் பள்ளிகளில் பிரம்பு சட்டப்படி ஒழிந்தது 1987-இல்தான். இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் 1999 வரைக்கும் இருந்தது. என் வார்டில் படுத்திருக்கும் தாத்தாக்கள் பலர் உள்ளங்கையை நீட்டி அடி வாங்கியவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது நம்பவே முடியாத கதை.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். என் மகன் இயர் 2 படித்தபோது ஸ்வெட்டரைத் தொலைத்துவிட்டான். டீச்சர் விசாரித்ததற்கு, "எங்கம்மா என்னைக் கொன்னுடுவாங்க" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லி அழுதிருக்கிறான். அன்று மத்தியானமே போன் வந்தது. போனேன். சின்ன அறை, மேசை மேல் டிஷ்யூ பெட்டி, எதிரே சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிற அம்மா. நான் என்ன சொல்கிறேனோ அதை என் கண் முன்னாலேயே எழுதிக்கொண்டார். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் பேச்சில் "கொன்னுடுவேன்" என்றால் திட்டுவேன் என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை பயமாக எதையாவது சொன்னால் டீச்சர் அதைத் தன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பதற்கு அவருக்கு அனுமதி இல்லை என்றார். வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நிஜமாகவே அடிபடுகிற ஒரு பிள்ளைக்கு அந்த அறைதான் ஒரே வழி. என் பிள்ளைக்காக அது மூடிக்கிடக்க வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பேன்?

அதனால் கூப்பிட்டால் கோபப்படாதீர்கள், பயந்து பொய்யும் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வீட்டில் கை நீட்டுவதை விமானம் ஏறும்போதே விட்டுவிட்டு வாருங்கள். ஸ்காட்லாந்தில் 2020-லும் வேல்ஸில் 2022-லும் பெற்றோர் அடிப்பதையே சட்டம் தடுத்துவிட்டது. இங்கிலாந்தில் அப்படி முழுத் தடை இல்லை என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்காதீர்கள், தழும்பு விழுந்தால் வழக்குதான். கைக்குழந்தைக்கு இடுப்பிலோ முதுகிலோ பிறவியிலேயே நீல மச்சம் இருந்தால், குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸான ஹெல்த் விசிட்டரிடம் காட்டி ரெட் புக்கில் (குழந்தையின் உடல்நலக் குறிப்பேடு) எழுதச் சொல்லுங்கள். பின்னால் யாராவது அடிபட்ட காயம் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது லீவு. நம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1-ஆம் தேதி, அதாவது மே மாத நடுவில். இங்கே ஸ்கூல் நடக்கிற நேரம். தேரைப் பார்க்காமல் பிள்ளை வளர்கிறதே என்று எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் அனுமதி இல்லாமல் பத்து வாரத்துக்குள் ஐந்து நாள் போனாலே அபராதத்துக்குப் பார்ப்பார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு. 21 நாளில் கட்டாவிட்டால் 160. இரண்டு பிள்ளை, அம்மா அப்பா இருவரும் என்றால் 320-இல் ஆரம்பிக்கும். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் ஒரு நாள் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காட்பாடி ஸ்டேஷனில் நின்று செல்ஃபி போட வேண்டாம்.

காது குத்துவதாக இருந்தால் ஜூலைக் கடைசியில் கோடை விடுமுறை ஆரம்பித்ததும் குத்திவிடுங்கள். பிஇ (உடற்பயிற்சி) வகுப்பில் தோடு, கொலுசு எல்லாம் கழற்றச் சொல்வார்கள். ஆறு வாரத்தில் ஓரளவு ஆறிவிடும்.

வகுப்பு வயதை வைத்துத்தான். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஊரில் யுகேஜி படித்த பிள்ளையை இயர் 1-இல் உட்கார வைத்தால் பதறாதீர்கள். சாதிச் சான்றிதழ் யாரும் கேட்க மாட்டார்கள், டிசியும் வேண்டாம். ஆனாலும் இரண்டையும் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு ஊருக்குத் திரும்பினால் தேவைப்படும். அப்பா பெயர் ஒன்று, பிள்ளையின் கடைசிப் பெயர் இன்னொன்று என்று பாஸ்போர்ட்டில் இருந்தால் பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள்.

தம்பி, மூத்தவள் இயர் 6 என்று எழுதியிருந்தீர்கள். இயர் 7-இல் ஆரம்பிக்கும் செகண்டரி ஸ்கூலுக்கு விண்ணப்பிக்க அக்டோபர் 31 கடைசி நாள், தவறவிட்டால் மிச்சமிருக்கிற இடம்தான். வாடகை ஒப்பந்தமும் கவுன்சில் டாக்ஸ் (இங்கத்து வீட்டு வரி) பில்லும் உங்கள் பெயரில் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே போடுங்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்.