பெரியப்பாவின் தகரப் பெட்டியில் சினிமா போட்டோ கார்டுகள்: எப்படிக் காப்பாற்றுவது?

பரண்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா மவுண்ட் ரோட்டில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். போன மாதம் திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டி இறங்கியது. தியேட்டர் வாசலில் கண்ணாடிக்குள் குத்தி வைப்பார்களே, அந்தப் போட்டோ கார்டுகள் நாற்பதுக்கு மேல், படத்தின் பாட்டும் கதைச்சுருக்கமும் போட்ட பாட்டுப் புத்தகம் ஒரு கட்டு, நாலாக மடித்த வால்போஸ்டர் ஆறு. சில கார்டுகளில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறது, நாயகியின் புடவைக்கு மட்டும் சிவப்பு. ஐந்தாறு கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அண்ணன் எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார், பழைய பேப்பர்காரர் ஒருவர் மொத்தமாக விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். எது எந்தக் காலத்தது, எது அசல் என்று எப்படிப் பார்ப்பது? விற்க எனக்கு மனசில்லை.

மூர்மார்க்கெட் வாசகன்:
தம்பி, முதல் வேலையாக லேமினேஷனை நிறுத்துங்கள். நான் ஒரு பழைய நோட்டீசை ஆசை ஆசையாக லேமினேட் செய்து வைத்தேன், இப்போது பிளாஸ்டிக் மஞ்சளாகி உள்ளே கொப்புளம் விட்டிருக்கிறது, பிரித்தால் தாள் கையோடு வரும்.

காலம் கண்டுபிடிக்கப் படத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. ‘ந.பை.’ என்று போட்டிருந்தால் நயா பைசா, அதாவது 1957-லிருந்து 1964-க்குள். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும், 1867-ஆம் வருடச் சட்டப்படி அப்போது அது இருந்தாக வேண்டியிருந்தது. அதில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்கு அப்புறம் அச்சானது. ஐம்பதுகளின் படத்துக்குப் பின்கோடு போட்ட போஸ்டர் கிடைத்தால் அது மறுவெளியீட்டுக்கு அடித்தது, ‘புத்தம் புதிய காப்பி’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முதல் வெளியீடு என்று சொல்லி யாரும் விற்கக் கூடாது.

சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட் சந்தையில் பாட்டுப் புத்தகங்களைக் குவியலில் கிளறி எடுத்தவன் நான். 1985-ல் அது எரிந்தபோது எத்தனை தாள் போயிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

தரமணிப் பக்கம்:
ஒட்டியிருக்கும் கார்டுகளை இழுக்கவே வேண்டாம். போட்டோவின் மேல் இருப்பது ஜெலட்டின், ஈரம் பட்டால் பசை மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், கையால் தீட்டிய வண்ணம் கரைந்துவிடும், கேட்காதீர்கள். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர்தான் தொட வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் அச்சுப் பொருள்களைப் பாதுகாப்பதே அவர்கள் வேலை. நேரில் போய்க் கேளுங்கள்.

மற்றவற்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து அமிலமில்லாத தாள் நடுவே வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். பி.வி.சி. கவர் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டும், பாலியெஸ்டர் கவர்தான் நல்லது. செலோடேப் கூடவே கூடாது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். பாச்சை உருண்டையைத் தாளின் மேல் போடாதீர்கள். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் நம்ம ஊருக்குச் சரிப்படும். மாடியாக இருந்தால் நல்லது, 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த என் பெட்டி ஒன்று கூழாகிவிட்டது.

ஷோகேஸ்:
அசலா என்பதற்கு ஒரு எளிய சோதனை. மடிப்பு இருக்கும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்கு மடிப்பு தெரிகிறது, விரலுக்கு வழவழவென்று இருக்கிறது என்றால் அது பழைய போஸ்டரை ஸ்கேன் செய்து அடித்த பிரதி. அப்புறம் கார்டுகளின் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள், வினியோகஸ்தர் முத்திரை, தியேட்டர் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். பெரியப்பாவின் தியேட்டரில் இங்கிலீஷ் படம் ஓடியிருந்தால் அமெரிக்க லாபி கார்டு, அதாவது அவர்கள் தியேட்டரில் வைக்கும் விளம்பரக் கார்டு, கலந்திருக்கலாம், அவை பெரும்பாலும் 11-க்கு 14 அங்குலம், எட்டு சேர்ந்தது ஒரு செட். செட்டைப் பிரிக்காதீர்கள்.

பரண்வாசி:
ரொம்ப நன்றி சார், எல்லாருக்கும். ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பாட்டுப் புத்தகங்களில் பதினொன்றுக்கு ந.பை.யில் விலை, நாலுக்கு அணாவில் விலை. கதைச்சுருக்கம் எல்லாவற்றிலும் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்றுதான் முடிகிறது. ஒரு கார்டின் பின்னால் பெரியப்பா பென்சிலில் காட்சி நேரம் எழுதி வைத்திருக்கிறார், அண்ணனிடம் காட்டினேன், லேமினேஷன் பேச்சை அவரே விட்டுவிட்டார். பென்சில் எழுத்து அழியாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டுமா, அப்படியே விடலாமா?

தரமணிப் பக்கம்:
அப்படியே விடுங்கள். பென்சில் மங்காது, கையால் தேய்க்காமல் இருந்தால் போதும்.