ஸ்காபரோவில் உள்ள உறவுகளே, ஒரு உதவி

பக்கத்து வீட்டு எத்தியோப்பியப் பிள்ளை தரம் 12 படிக்கிறாள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல், புதிதாகக் கனடா வந்த ஆப்பிரிக்கக் குடும்பத்துச் சிறுவர்களுக்கு நூலகத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள். பனி கொட்டுகிற நாளிலும் பை நிறையப் பென்சிலோடு கிளம்பிவிடுவாள். என் மகனும் அவளிடம்தான் பின்னம் பழகினான்.

சமூகப்பணி படிக்க ஆசை. வீட்டில் தாயின் சம்பளம் மட்டும்தான். ஹாரி ஜெரோம் பெயரிலான புலமைப்பரிசில் எங்களுக்குத் தெரியும், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வெண்கலம் வென்ற அதே கறுப்பின வீரர். சரி, அதற்கு விண்ணப்பிக்கிறோம். அப்புறம்? யோர்க், ரொறன்ரோ பல்கலைக்கழகங்களில் புள்ளிகளோடு இப்படிப்பட்ட சமூக உழைப்பையும் பார்த்துத் தரும் புலமைப்பரிசில் யாருடைய பிள்ளைக்காவது கிடைத்ததா? சிபாரிசுக் கடிதம் நூலகர் தந்தால் போதுமா, ஆசிரியரும் தரவேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.