‘தாத்தா வீடு’ குழு: இது என்ன மெஷின்?

காலை 6:48
நான்: [படம்] [படம்]
நான்: பழைய சாமான் விற்பவரிடம் நேற்று வாங்கினேன். சின்ன கிரைண்டர் என்றுதான் அவரும் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளேடே வெளியில் தெரியவில்லை. முன்முகத்தைப் பலகையில் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் அமுங்கி, ஒரு பிளவு வழியாகப் பல் எட்டிப் பார்க்கிறது. யாருக்காவது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை பாட்டி வருவதற்குள் அவர் மேசையைச் சரிசெய்ய வேண்டும்.

தங்கை: பார்க்கவே பயமாக இருக்கிறது

சித்தப்பா: கிரைண்டர்தான். முன்பக்கத்தைக் கழற்றிவிடு. இரும்பு வெட்டலாம். என் கேட்டுக்கும் உதவும்.

அண்ணன்: ஓடுகிறதா? பிளக்கில் செருகிப் பார்த்தாயா?

பெரியப்பா: செருகாதே. முதலில் தகட்டைப் படித்து அனுப்பு. எத்தனை வோல்ட், எத்தனை சுற்று. பிளேடின் விட்டம், பல்லின் அகலம், பக்கத்தில் குமிழ் இருந்தால் அதில் என்ன எண்கள் என்றும் பார்.

அத்தை: அம்மாவின் கண் மருந்தை யாராவது பார்த்தீர்களா? பையில் இல்லை.

தங்கை: நீலப் பெட்டி

அத்தை: அதில் பொத்தான்கள்தான் இருக்கின்றன.

காலை 7:20
நான்: 230 வோல்ட். நிமிடத்துக்கு 10,000 சுற்று. பிளேடு 100 மி.மீ., பல் 4 மி.மீ. குமிழில் 0, 10, 20.

பெரியப்பா: 0, 10, 20. போதும். அது பிஸ்கட் ஜாயினர்.

அண்ணன்: பிஸ்கட்டா?

பெரியப்பா: மர பிஸ்கட். இரண்டு பலகைகளின் விளிம்பிலும் எதிரெதிரே பிறை வடிவில் காடி, அதாவது குறுகிய பள்ளம், வெட்டும் மெஷின் இது. காடிக்குள் பசை விட்டு, நீள்வட்டமான ஒரு மரச்சில்லைச் செருகிப் பலகைகளைச் சேர்த்து இறுக்குவார்கள். 20 என்பது சில்லின் அளவு. அது 56 மி.மீ. நீளம், 23 அகலம், 4 தடிமன். 10 என்றால் 53க்கு 19. 0 என்றால் 47க்கு 15. அந்தக் குமிழ் ஆழத்தை அதற்கேற்ப மாற்றுகிறது. ஸ்விட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டெய்னர் என்ற தச்சர் 1950களின் நடுவில் இந்த முறையைக் கண்டுபிடித்தார். இந்த மெஷினும் சில்லும் செய்யும் லாமெல்லோ கம்பெனி அவர் தொடங்கியதுதான். சில்லைப் பீச் (beech) மரத்தில் செய்து அழுத்தி இறுக்கியிருப்பார்கள். பசையின் ஈரம் பட்டதும் அது உப்பிக் காடியை அடைத்துக்கொள்ளும். மரத்தின் ரேகை சாய்வாக ஓடுவதால் நெடுக்கில் பிளக்காது.

தங்கை: பெரியப்பா

தங்கை: நீள்வட்டமா?

தங்கை: [படம்]

தங்கை: பொத்தான் பெட்டிக்கு அடியில் இருந்த டப்பா. இதுவா?

நான்: கப்பல்!

அண்ணன்: ஆமாம், நம் கப்பல்கள்

அத்தை: வாளித் தண்ணீரில் விட்டு அப்பாவிடம் அடி வாங்கினீர்களே, அதுதானே?

நான்: அடிக்கவில்லை அத்தை. திட்டினார். எனக்குத் தெரிந்து தாத்தா எங்களைத் திட்டியது அந்த ஒரு நாள்தான். மரத்துண்டுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று இத்தனை வருடமாகப் புரியவே இல்லை.

பெரியப்பா: நனைந்தவை உப்பிவிடும். காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது, காடியில் நுழையாது. ஒரு டப்பாவையே வீணாக்கியிருக்கிறீர்கள்.

அத்தை: அப்படியானால் அப்பாவிடம் இந்த மெஷின் இருந்ததா?

பெரியப்பா: இருந்தது. அம்மாவின் மேசையை அதில்தான் செய்தார்.

அத்தை: இப்போது எங்கே?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: என்ன எழுதி அழித்தாய் தம்பி?

காலை 7:52
சித்தப்பா: பழைய இரும்போடு போட்டுவிட்டேன் அக்கா. பட்டறையைக் காலி செய்ய ஒரு வாரம்தான் கொடுத்தார்கள். எது என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

பெரியப்பா: நான் வந்திருக்க வேண்டும். தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அத்தை: கண் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

நான்: பெரியப்பா, இது தாத்தாவுடையதாகவே இருக்குமா?

பெரியப்பா: அவர் கைப்பிடியில் சணல் சுற்றியிருப்பார். இதில் இல்லை.

அத்தை: சணலைக் கழற்றியிருக்கலாமே.

சித்தப்பா: என் கேட் என்ன ஆயிற்று?

பெரியப்பா: தம்பி, இதில் இரும்பு வேண்டவே வேண்டாம். அந்த முன்முகம்தான் பாதுகாப்பு. கையை எடுத்ததும் பிளேடை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதைக் கழற்றினால் 10,000 சுற்றில் மறைப்பே இல்லாத பிளேடு உன் கையருகே இருக்கும். பல்லும் மரத்துக்கானது. இரும்பு வெட்டும் தட்டு மாட்டலாம் என்று நினைத்தாலும், தீப்பொறி நேராகத் தூசிப் பையில் விழும். உள்ளே இருப்பது மரத்தூள்.

சித்தப்பா: சரி அண்ணா.

அண்ணன்: மேசையை மட்டும் ஒட்டிவிட்டு இதை மூலையில் போட வேண்டியதுதானா?

பெரியப்பா: ஏன் போட வேண்டும்? அதே மெஷினை நெடுக நகர்த்தினால் இழுப்பறையின் அடிப்பலகைக்குக் காடி கிடைக்கும். 6 மி.மீ. ஒட்டுப்பலகை என்றால் வெட்டும் உயரத்தை நிறுத்தும் தடுப்பை 2 மி.மீ. மாற்றி இரண்டாவது முறை ஓட்டினால் போதும். மேசைச் சட்டத்தின் உட்பக்கம் ஒரு வெட்டு வெட்டினால், மேற்பலகையைப் பிடிக்கும் கட்டையின் நாக்கு அதில் உட்காரும். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். நாக்கு வழுக்கி இடம் கொடுக்கும். நேராக ஸ்குரூ போட்டு முடுக்கினால் பலகை வெடித்துவிடும். அப்பா இதற்காகவே இதை அதிகம் எடுப்பார்.

நான்: மேசை மூட்டு நெடுக விட்டிருக்கிறது. காடிக்குள் பழைய சில்லுகள் பாதியாய் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. [படம்]

பெரியப்பா: பழைய பசையைச் சுரண்டி வெறும் மரம் தெரிய வேண்டும். காய்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பழைய காடிகளைத் தொடாதே. நிற்கும் சில்லுகளை விளிம்போடு உளியால் வெட்டிவிட்டு, இடையிடையே புதிதாக வெட்டு. பலகைகளைச் சேர்த்து வைத்துக் குறுக்கே பென்சில் கோடு போட்டுக்கொள். இரண்டையும் மேல்முகத்திலிருந்து அளந்தே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பலகை உயர்ந்து படி விழும். காடி சில்லைவிடச் சற்று நீளம், ஆகவே பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம். விளிம்போடு விளிம்பு சேரும் மூட்டில் பலம் பசையில்தான் இருக்கிறது. சில்லு பலகைகளை மட்டமாக நிறுத்தும், அவ்வளவே. முதலில் வேண்டாத கட்டையில் நாலைந்து முறை வெட்டிப் பழகு. கண்ணாடி போட்டுக்கொள்.

தங்கை: அந்த டப்பாச் சில்லு போதுமா?

பெரியப்பா: மூடி சரியாக இருந்ததா?

தங்கை: துருப்பிடித்திருந்தது

பெரியப்பா: அப்படியானால் ஈரம் ஏறியிருக்கும். புதிது வாங்கு. அதை எறியாதே.

நான்: எறிய மாட்டேன்.

நான்: இறுக்கக் கிளாம்ப் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

காலை 8:31
சித்தப்பா: என்னிடம் 4 இருக்கின்றன. அப்பாவுடையவை. அவற்றை மட்டும் போட மனம் வரவில்லை.

அத்தை: இத்தனை நாள் சொல்லவே இல்லையே நீ.

சித்தப்பா: யாரும் கேட்கவில்லை அக்கா.

நான்: சனிக்கிழமை காலை எல்லோரும் வர முடியுமா?

அண்ணன்: சனி எனக்கு வேலை. ஞாயிறு?

அத்தை: ஞாயிறு அம்மா வந்துவிடுவார். பசை காயவே ஒரு நாள் வேண்டாமா?

பெரியப்பா: ஒரு இரவாவது இறுக்கத்தில் இருக்க வேண்டும். தம்பி, சனி நீ வருகிறாயா? நான் உன்னோடு வண்டியில் வந்துவிடுகிறேன்.

தங்கை: கண் மருந்து மேசை இழுப்பறையில் இருக்கிறது அத்தை

சித்தப்பா: பார்க்கிறேன் அண்ணா. கிளாம்பின் திருகுக்கு எண்ணெய் போட வேண்டும்.