மறு: மைனர் லீக்: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘சிறு லீக்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஐயா, வணக்கம்.

இருக்கிறது. ‘சிறு லீக்’ என்று எழுதினால், சென்னை கிரிக்கெட்டின் கீழ் டிவிஷன்களைப் போல ஒன்று என்றுதான் நம் வாசகர் எடுத்துக்கொள்வார். அங்கே நன்றாக ஆடினால் அணியே மேல் டிவிஷனுக்குப் போகும். அமெரிக்க பேஸ்பாலில் மைனர் லீக்கில் ஆடும் பஃபலோ அணி கோப்பையே வாங்கினாலும் அதனால் மேஜர் லீக்குக்குப் போய்விடாது. ஏறுவதும் இறங்குவதும் ஆள் மட்டுமே. மேலே 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள். 2021இலிருந்து மொத்தம் 120 அணிகள். வீரரோடு ஒப்பந்தம் போடுவது, சம்பளம் தருவது, எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது எல்லாம் மேலே இருப்பவர்கள்தான்.

பிட்சர் (பந்தை எறிபவர்) ஆர். ஏ. டிக்கியின் கதையைத் தமிழில் எழுதிப் பார்த்தால் எந்தச் சொல் நிற்கும், எது விழும் என்று தெரிந்துவிடும். 1996இல் மேஜர் லீக் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. 8,10,000 டாலர் தருவதாகப் பேச்சு. ஒரு பத்திரிகை அட்டைப்படத்தில் அவர் வலது கை தொங்கிய விதம் அணியின் மருத்துவத் தரப்புக்கு உறுத்தியது. சோதித்துப் பார்த்தால், முழங்கை எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் முக்கியமான தசைநாரே அவருக்கு இல்லை! பேச்சு 75,000 டாலருக்கு இறங்கியது. வாங்கிக்கொண்டு மைனர் லீக் ஊர்களுக்குக் கிளம்பினார்: போர்ட் சார்லட், டல்சா, ஓக்லஹோமா சிட்டி. 2001இல் மேலே அழைத்தார்கள், மறுபடி கீழே. பந்தில் வேகம் குறைந்ததும் நக்கிள்பாலுக்கு, அதாவது பந்தை அதிகம் சுழலவிடாமல் மெதுவாக எறியும் முறைக்கு, மாறினார். 2006 ஏப்ரலில் அதை நம்பி டெட்ராய்ட்டுக்கு எதிராக இறங்கியவர், மூன்று இன்னிங்ஸ் சொச்சத்தில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) ஆறு ஹோம் ரன் கொடுத்தார். திரும்பவும் ஓக்லஹோமா சிட்டி. அப்புறம் நாஷ்வில், டகோமா, ராசெஸ்டர். 2010இல் பஃபலோவில் ஓர் ஆட்டம்: முதலில் வந்தவர் பந்தை அடித்து முதல் பேஸுக்குப் போய்விட்டார்; அவருக்குப் பின் 27 பேரை வரிசையாக அவுட் ஆக்கினார் டிக்கி. அடுத்த மாதம் நியூயார்க் மெட்ஸ் அழைத்தது. 2012இல் 20 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நக்கிள்பாலை நம்பிய ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. வயது 38.

இதில் ‘சிறு’வுக்கு எங்கே வேலை? ‘பண்ணை அணி’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்கர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நமக்குக் கோழிதான் நினைவுக்கு வரும், வேண்டாம். என் பரிந்துரை: மேலே இருப்பது தாயணி, கீழே இருப்பவை கிளையணிகள், அவை ஆடுவது கிளை லீக். ஆளை மேலே கூப்பிடுவது மேலழைப்பு. அணியின் நாற்பது பேர் பட்டியலில் இருப்பவரைப் பொதுவாக மூன்று சீசன்களில், மற்ற அணிகளைக் கேட்காமலே கீழே அனுப்பலாம். அந்த உரிமைக்கு ‘இறக்குரிமை’. “இறக்குரிமை தீர்ந்துவிட்டது, இனி சும்மா கீழே அனுப்ப முடியாது” என்று எழுதினால் விளையாட்டுப் பக்கம் படிப்பவருக்குப் புரியும்.

பிட்சருக்கு ‘எறிவாளர்’ போதும். கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நிமிர்த்தி எறிந்தால் நோ-பால். பேஸ்பாலில் எறிவதுதான் தொழில். ‘பந்துவீச்சாளர்’ அங்கே குழப்பும்.

அன்புடன்.

—

> மேலே இருப்பது தாயணி

தாய் மாறுமா தம்பி? டிக்கியை அழைத்தபோது பஃபலோ, மெட்ஸ் அணியின் கிளை. 2013இல் அவர் டொரன்டோ புளூ ஜேஸுக்குப் போனார். பஃபலோவும் அதே வருடம் டொரன்டோவின் கிளையாகிவிட்டது! ஒப்பந்தம் முடிந்தால் கைமாறுகிற உறவு இது. ‘தலைமை அணி’ என்று வையுங்கள். ‘கிளை’ அப்படியே இருக்கட்டும்.

—

சரி ஐயா, தலைமை அணி – கிளையணி. வங்கி மாதிரி ஒலிக்கிறது என்று யாராவது சொன்னாலும் பரவாயில்லை. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு மாற்றல், அங்கிருந்து வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல், டிக்கிக்கு நடந்தது அதேதான்.

நக்கிள்பாலை நான் மொழிபெயர்க்கவில்லை. உண்மையில் பந்தைப் பிடிப்பது விரல் நுனியும் நகமும் என்பதால் ‘நகப்பந்து’ என்று வைக்க ஆசைதான். ஆனால் 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் வீசியதிலிருந்து நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நக்கிள்பால் பழகிவிட்டது. நம் சொற்பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுகிறேன். ‘இறக்குரிமை’க்கு மட்டும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.